துட்டி வீட்டில் என்ன சொல்வது? துயரப்படுபவருக்கு ஆன்மிக ஆறுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். திருநெல்வேலிப் பக்கம். வீட்டோடு படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் போய்ப் பார்க்கும் ஒரு சின்னக் குழுவோடு பதினோரு வருடமாகச் சுற்றுகிறேன். நர்ஸ் புண்ணைத் துடைத்து மருந்து வைப்பார், நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான் என் வேலை. நோயாளி இறந்த பிறகும் அந்த வீடுகளுக்குப் போவோம். எங்கள் பக்கத்தில் அதைத் துட்டி வீடு என்பார்கள். கேதம் என்றும் சொல்வதுண்டு, யாழ்ப்பாணத்தில் செத்த வீடு. குழுவில் புதிதாகச் சேருகிறவர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் சில உண்டு. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். வருகிற ஆட்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

போனதும் முதலில் என்ன சொல்ல வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். நம் ஊர் வழக்கமே அப்படித்தான் இருக்கிறது. துட்டி வீட்டில் 'வாங்க' என்று யாரும் கூப்பிட மாட்டார்கள், போகிறவரும் வணக்கம் வைக்க மாட்டார். ஆண்கள் பந்தலுக்குள் நுழைந்து கையை நீட்டுவார்கள், துக்கக்காரர் அந்தக் கையைத் தொடுவார், அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். பெண்கள் உள்ளே போய்த் தோளைக் கட்டி அழுவார்கள். ஒரு வாக்கியம்கூடப் பேசாமல் விசாரிப்பு முடிந்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டைச் செய்து வைத்த முன்னோர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை.

விவிலியத்தில் யோபுவின் கதை இருக்கிறது. பிள்ளைகள், சொத்து, உடம்பு எல்லாம் போய் ஓட்டால் புண்ணைச் சுரண்டிக்கொண்டு சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் வந்து ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்காருகிறார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை அவர்கள் செய்தது பிரமாதம். அப்புறம் வாயைத் திறந்தார்கள், எல்லாம் கெட்டது. நீ ஏதோ தப்புச் செய்திருப்பாய், காரணமில்லாமல் கடவுள் தண்டிப்பாரா என்று ஆளுக்கு ஆள் விளக்கம். 'அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்' என்று யோபு அவர்களைச் சொல்வதாகப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் வரும். கதையின் முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது அவருக்காக வாதாடிய இந்த மூன்று பேரிடம்தான், அவரையே கேள்வி கேட்ட யோபுவிடம் இல்லை.

அப்படியே ஊமை மாதிரி உட்கார்ந்திருக்க முடியுமா? ஒரு வார்த்தையாவது?

'எப்படி ஆச்சு?' என்று கேட்கலாம். ஊரே கேட்கிற கேள்விதான், ஆனால் நல்ல கேள்வி. அவர்கள் சொல்வார்கள். ராத்திரி சாப்பிட்டது, நெஞ்சைப் பிடித்தது, ஆட்டோவைத் தேடி ஓடியது. அடுத்து வருகிறவரிடமும் அதையே சொல்வார்கள், ஒரு நாளில் இருபது தடவை. கேட்கிற நமக்கு அலுக்கும். சொல்கிறவருக்கு ஒவ்வொரு தடவையும் நடந்தது கொஞ்சம் கொஞ்சமாக உறைக்கிறது. குறுக்கே விழ வேண்டாம். முக்கியமாக, 'அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா பிழைச்சிருப்பாரே' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அந்த நினைப்பு ஏற்கெனவே அந்த வீட்டில் ஒருவரைத் தின்றுகொண்டிருக்கும்.

இறந்தவர் பெயரைச் சொல்லுங்கள். எல்லாரும் 'பாடி எப்ப எடுக்காங்க' என்று பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் பெயரைச் சொல்லிப் பேச ஒரு ஆள் இருப்பது பெரிய விஷயம்.

விதி, கர்மா, கடவுள் சித்தம் என்று சொல்லலாமா? நம் நம்பிக்கையே அதுதானே?

நம்பிக்கை இருந்துவிட்டுப் போகட்டும். அது யார் வாயிலிருந்து வருகிறது என்பதுதான் விஷயம்.

கணவரை இழந்த ஒரு ஆச்சி என்னிடம், 'அவுகளுக்கு எழுதுனது அம்புட்டுத்தான் சார்' என்றார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அன்றைக்கு எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தெருக்கோடி வீட்டுக்காரர் வந்தார். 'அவருக்கு எழுதுனது அம்புட்டுத்தான் ஆச்சி' என்றார். எழுத்துக்கு எழுத்து அதே வரி. ஆச்சியின் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. தானே ஊன்றிக்கொண்டிருந்த கம்பைப் பிடுங்கி ஒருவர் தன்னை அடித்தமாதிரி.

நான் பட்டதைச் சொல்கிறேன். குழுவில் சேர்ந்த புதிது. ரத்தப் புற்றுநோயில் ஒன்பது வயதுப் பையனைப் பறிகொடுத்த வீடு. அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நான் தமிழ் வாத்தியார் அல்லவா, சும்மா இருப்பேனா. 'நெருநல் உளனொருவன் இன்றில்லை' என்று குறளில் ஆரம்பித்து, ஆன்மாவுக்கு அழிவில்லை, போன பிறவிக் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டான், கடவுளுக்குப் பிடித்த பிள்ளை என்று பத்து நிமிடம் பேசினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும், 'சரிங்க சார்' என்று எழுந்து உள்ளே போனார். காபி போடப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு ஷூவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பையனுடைய ஸ்கூல் ஷூ, கறுப்பு, இடது கால். அடியில் செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தது. லேஸ் முடிச்சு அவிழ்க்கப்படவில்லை. முடிச்சோடு காலை உருவியிருக்கிறான்.

'இதை என்ன செய்யட்டும் சார்? அதைச் சொல்லுங்க' என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. வாசலில் நின்ற நர்ஸ்தான் உள்ளே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த வாரம் போனபோது நான் வாயைத் திறக்கவில்லை. அவரே அந்த லேஸ் கதையைச் சொன்னார். முடிச்சை அவிழ்க்காமல் கழற்றுகிறான் என்று தினமும் வையுவாராம். வைத வார்த்தையை அதே குரலில் சொல்லிக் காட்டினார். ஒரு மணி நேரம் பையனைப் பற்றியே பேசினார், நான் கேட்டேன். ஷூ இப்போதும் அந்த வீட்டுப் பரணில் இருக்கிறது.

அவர்களே 'நான் என்ன பாவம் செஞ்சேன்?' என்று கேட்டால்?

பெரும்பாலும் அது கேள்வி இல்லை, அலறல். 'நீங்க ஒரு பாவமும் செய்யலை' என்று அவசரப்பட்டுச் சமாதானம் சொன்னால் பேச்சு அங்கேயே அடைத்துவிடும். 'ஏன் அப்படித் தோணுது?' என்று மெதுவாகக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

சில சமயம் உள்ளே நிஜமாகவே ஒன்று இருக்கும். தொண்டையில் புற்றுநோய் வந்த ஒரு பெரியவர் இதே கேள்வியை வாராவாரம் கேட்டார். ஒருநாள் சொன்னார்: தம்பியோடு வரப்புத் தகராறு, இருபது வருடமாகப் பேச்சில்லை, தங்கள் அம்மா சாவுக்குக்கூட இவர் தம்பியைப் பந்தலுக்குள் விடவில்லை. இதற்கு நான் என்ன உபதேசம் செய்ய? 'தம்பி நம்பர் இருக்கா?' என்று கேட்டேன். மறுநாள் தம்பி வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் மழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

எல்லா வீட்டிலும் இப்படி அமையாது. தம்பி வரமாட்டேன் என்ற வீடும் உண்டு.

ஆறுதல் சொல்வதில் நம் மரபில் நல்ல முன்மாதிரி யார்?

என்னைக் கேட்டால் திலகவதியார். அப்பரின் அக்கா.

பெரிய புராணத்தில் அவர் கதை வருகிறது. திருமணம் பேசி முடித்த கலிப்பகையார் போரில் இறந்துபோகிறார். அதற்குள் அப்பா அம்மாவும் இல்லை. உயிரை விடுவது என்று முடிவு செய்தவரை, நீயும் போனால் நான் பிழைக்க மாட்டேன் என்று தம்பி காலில் விழுந்து தடுக்கிறான். தம்பிக்காக இருந்துவிடுகிறார். அந்தத் தம்பியோ வளர்ந்ததும் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரோடு பெரிய ஆளாகிவிடுகிறான். அக்கா திருவதிகையில் கோயிலைக் கூட்டத் திருவலகு என்கிற துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக இருக்கிறார். இந்த இடத்தில் அக்காவுக்கு எவ்வளவு கோபம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தம்பிக்குச் சூலை நோய் வருகிறது. குடலை முறுக்கும் வலி. கூட இருந்தவர்களால் தீர்க்க முடியவில்லை. சமையல்காரனை அக்காவிடம் அனுப்புகிறான். அக்கா, நான் அங்கே வரமாட்டேன் என்று சொல்லி அனுப்புகிறார். அதிலும் எனக்கு ஒரு பாடம் இருக்கிறது; கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடுவது அன்பு ஆகிவிடாது. பிறகு ராத்திரியோடு ராத்திரியாக அவனே வந்து காலில் விழுகிறான்.

'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை அக்கா சொல்லவில்லை. எழுந்திரு என்கிறார். திருநீறு கொடுக்கிறார். விடியும் முன்னே கோயில் வேலைக்குப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போகிறார். வலியில் துடிக்கிறவனுக்குத் தத்துவ விசாரம் நடக்கவில்லை. கையில் ஒரு பொருள், பழக்கமான ஒரு இடம், கூடவே நடக்க ஒரு ஆள். பேச வேண்டியதைத் தம்பியே பேசிக்கொள்கிறார். 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' என்று அங்கே அவர் பாடியதுதான் அவருடைய முதல் தேவாரம். எமன் மாதிரி வந்த இந்த வலியை விலக்க மாட்டீரா என்று எடுத்த எடுப்பிலேயே முறையீடு. கொடுமை பல செய்ததை நான் அறியவில்லை என்று அதன் தொடர்ச்சி. தப்பை ஒப்புக்கொண்டதும் அவர் வாயிலிருந்துதான் வந்தது, அக்கா வாயிலிருந்து இல்லை.

வகுப்பில் முப்பது வருடம் இந்தப் பாட்டை நடத்தியிருக்கிறேன். அக்காவைக் கவனித்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

சாமியைத் திட்டுகிறார்கள். தடுக்க வேண்டுமா?

வேண்டாம். சாமி படத்தைத் திருப்பி வைத்த வீடு, விளக்கேற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்த வீடு, இரண்டையும் பார்த்திருக்கிறேன். பதறியது உறவுக்காரர்கள்தான். 'அப்படியெல்லாம் சொல்லாதே, தோஷம் வந்துரும்' என்று பயம் காட்டுவது, அடிபட்டவரை இன்னொரு தடவை அடிப்பதுதான்.

சுந்தரர் திட்டாத திட்டா? மனைவி சங்கிலியாரை விட்டுப் பிரியமாட்டேன் என்ற சத்தியத்தை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விட்டன. காஞ்சிபுரத்தில் ஒரு கண் வந்தது. இன்னொன்றுக்காகத் திருவாரூரில் நின்றுகொண்டு, உன் ஆட்கள் இப்படித் தடுமாறும்போது நீர் நன்றாக 'வாழ்ந்து போதீரே' என்று பாட்டுக்குப் பாட்டு முடிக்கிறார். நம் வீட்டுப் பேச்சில் சொன்னால், நல்லா இருந்துட்டுப் போங்க. இதை யாரும் நீக்கிவிடவில்லை. ஏழாம் திருமுறையில் இருக்கிறது, ஓதுவார்கள் சந்நிதியிலேயே நின்று பாடுகிறார்கள்.

திட்டுகிறவர் இன்னும் பேச்சுவார்த்தையை நிறுத்தவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரொம்ப அழுதால் இறந்தவர் ஆன்மா சாந்தி அடையாது என்கிறார்களே?

'காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே' என்ற வரியைப் படித்துவிட்டுக் காசு பணம் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போனவர் பட்டினத்தார். அம்மா இறந்த செய்தி கேட்டு வந்து சிதையருகே நின்று, 'ஐயிரண்டு திங்களா அங்கமெலாம் நொந்துபெற்று' என்று சுமந்தது, பெற்றது, பால் கொடுத்தது எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி அழுகிறார். துறவிக்கே அது ஆகாது என்று தமிழ்நாட்டில் யாரும் சொன்னதில்லை. லாசருவின் கல்லறைக்குப் போன இடத்தில் 'இயேசு கண்ணீர் விட்டார்' என்று யோவான் எழுதுகிறார், அவரை எழுப்பப்போவது தெரிந்திருந்தும். கைக்குழந்தை இப்ராஹீம் இறந்தபோது நபிகள் நாயகம் அழுதார். கண் நீர் சிந்துகிறது, உள்ளம் வருந்துகிறது, இறைவனுக்குப் பிடிக்காததைச் சொல்லமாட்டோம் என்றார். அப்புறம் நாம் யார் அழாதே என்று சொல்ல?

ஆண்களைக் கவனியுங்கள். 'நீதான் தைரியமா இருக்கணும், அம்மாவை நீதான் பாத்துக்கணும்' என்று மூத்த மகன் தோளில் எல்லாரும் தட்டிவிட்டுப் போவார்கள். அவன் பந்தல்காரனுக்குக் காசு எண்ணிக்கொண்டிருப்பான். அவனை ஒரு டீக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கடைக்குப் பின்னால் பத்து நிமிடம் நின்றாலே போதும். ஒப்பாரி பாடத் தெரிந்த பாட்டிகள் இருந்த காலத்தில் ஊரே சேர்ந்து அழ ஒரு மெட்டு இருந்தது. இப்போது அந்த இடத்தில் குளிர்பெட்டியின் சத்தம்தான் கேட்கிறது.

குறள், கீதை மேற்கோள் காட்டலாமா?

'இடுக்கண் வருங்கால் நகுக' என்பது தனக்குத்தானே சொல்லிக்கொள்ள எழுதியது. மனைவியைப் புதைத்துவிட்டு வந்தவரிடம் போய்ச் சிரி என்று சொல்லிப் பாருங்கள். எனக்குக் குறள் வேண்டும் என்றால் 'உடுக்கை இழந்தவன் கைபோல'. இடுப்புத் துணி நழுவும்போது கை பேசிக்கொண்டிருக்காது.

இன்னொன்று. 'எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது' என்று காலண்டரிலும் ஆட்டோ முதுகிலும் கீதாசாரம் என்று அச்சடித்திருக்கிறார்களே, அந்த வாசகம் கீதையின் எந்தச் சுலோகத்திலும் அப்படியே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

'உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர்' என்று சொல்வது ஆறுதல்தானே?

இதற்குக் கிசா கோதமியைத்தான் எல்லாரும் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்தவளிடம், சாவே விழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா என்று புத்தர் அனுப்பிய கதை. ஆனால் கதையைத் திரும்பப் படியுங்கள். எல்லா வீட்டிலும் சாவு உண்டு என்று புத்தர் அவளிடம் முதலிலேயே சொல்லிவிடவில்லை. வேலை ஒன்றைக் கொடுத்து அனுப்பினார், அவ்வளவுதான். அவள் வீடு வீடாகப் போய் நிற்கிறாள், ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி தன் கதையைச் சொல்கிறாள், அவள் கேட்கிறாள். தெரிந்துகொண்டது அவளாக.

நாம் சொன்னால் அது கணக்குப் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். பிள்ளையை இழந்த இன்னொரு தாயை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தால் அது வேறு. ஷூ வைத்திருந்த அந்த அம்மாவே பிறகு இரண்டு வீடுகளுக்கு எங்களோடு வந்தார்.

சாகக் கிடப்பவர் 'நான் பிழைப்பேனா?' என்று கேட்டால்?

முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். இது ஆன்மிகக் கேள்வி இல்லையே என்பீர்கள். வலியில் முறுகிக் கிடப்பவரிடம் சரணாகதி பற்றிப் பேசுவது அபத்தம். லண்டனில் 1967-இல் சாகக் கிடப்பவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் இதை 'முழு வலி' என்றார். உடம்பு, மனம், குடும்பம், ஆன்மா நான்கிலும் வலி ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கும். ஒன்றை விட்டு ஒன்றைத் தொட முடியாது. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், கடும் வலியை அடக்கும் மார்பின் மருந்து கிடைப்பதே அரிதாக இருந்தது, 2014-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு கொஞ்சம் இலகுவானது. இன்னும் பல வீடுகளில் 'மார்பின் கொடுத்தா சீக்கிரம் போயிருவாரு' என்று பயந்து மாத்திரையை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்குவது நூறு பிரசங்கத்துக்குச் சமம்.

வலி அடங்கிய பிறகும் அவர் கேட்டால், பொய் சொல்லாதீர்கள். 'டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாங்க? உங்களுக்கு என்ன தோணுது?' என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பேச ஆள் இல்லாமல்தான் நம்மைக் கேட்கிறார்கள்.

பேச்சே முடியாத நிலை வந்தால் கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள். 1922 மே மாதம் திருவண்ணாமலையில் அழகம்மாள் இறக்கும் நாளில், மகன் ரமணர் வலது கையைத் தாயின் நெஞ்சிலும் இடது கையைத் தலையிலும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பக்கத்திலேயே இருந்தார்.

உடல் கிடைக்காத வீடுகளில்?

எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் ஆழ்கடலில் காணாமல் போனார்கள். அடக்கம் செய்ய உடல் இல்லை. வடக்கு இலங்கையில் போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் 2017-இலிருந்து சாலையோரத்தில் படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்து போராடினார்கள்.

இவர்களிடம் 'மனசைத் தேத்திக்கிட்டு காரியத்தைச் செய்யுங்க' என்று சொல்கிறவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் திதி கொடுப்பது என்றால் தன் கையாலேயே மகனைச் சாகடிப்பது என்று அந்தத் தாய்க்குத் தோன்றுகிறது. அவரைக் காரியம் செய்யச் சொல்லவோ, இன்னும் வருவான் என்று நம்பிக்கை ஊட்டவோ நமக்கு உரிமை இல்லை. அவர் 'இருக்கான்' என்றால் இருக்கிறான், 'இருந்தான்' என்றால் இருந்தான். அவர் எந்தக் காலத்தில் பேசுகிறாரோ அந்தக் காலத்திலேயே நாமும் பேச வேண்டும். இலக்கணம் சொல்லிக்கொடுத்தவனுக்கு அதுவாவது தெரிகிறது.

'நானும் போயிடுறேன்' என்று சொன்னால்?

துக்கத்தில் சொல்வதுதான் என்று தள்ளிவிடாதீர்கள். 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டதும் சிலர் பெருமூச்சு விடுவார்கள். எப்படி என்பதுவரை யோசித்து வைத்திருக்கிறார் என்றால் அன்று அவரைத் தனியாக விட வேண்டாம். பூச்சிமருந்து, மாத்திரை வீட்டில் இருந்தால் எடுத்துவிடுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழ்நாட்டில் 104, எந்த நேரமும் கூப்பிடலாம். இலங்கையில் 1926. இங்கே ஆன்மிகம் இரண்டாவது வரிசையில் நிற்கட்டும்.

தற்கொலை நடந்துவிட்ட வீட்டில் நரகம், பேய், அலைகிற ஆவி என்று ஒரு பேச்சும் வேண்டாம். மற்ற வீடுகளுக்குப் போவதுபோலவே போங்கள், முடிந்தால் கொஞ்சம் முன்னாலேயே. அந்த வீடுகளுக்குத்தான் ஆள் வரத் தயங்குவார்கள்.

பரிகாரம் கேட்டால்?

நேர்ச்சை, அபிஷேகம், வேளாங்கண்ணிக்கு ஒரு மெழுகுவர்த்தி, நாகூருக்கு ஒரு போர்வை என்று கைக்கு அடக்கமாக இருந்தால் தாராளமாகச் செய்யட்டும். வட்டிக்கு வாங்கி ஹோமம் செய்யப் போகிறார்கள் என்றால் நான் சண்டை போட்டிருக்கிறேன்.

வேறு மதத்துக்காரர் வீட்டுக்குப் போனால்?

அவர்கள் சொற்களையே அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாவிட்டால் சோறு கொண்டுபோங்கள். நபிகள் நாயகத்தின் உறவினர் ஜஅஃபர் இறந்த செய்தி வந்ததும், அந்தக் குடும்பத்துக்குச் சமைத்துக் கொடுங்கள், அவர்களுக்கு வேறு கவலை வந்திருக்கிறது என்று நபிகள் சொன்னதாக ஹதீஸ் உண்டு. நம் சாவு வீட்டில் அடுப்பு மூட்டாமல் சம்பந்தி வீட்டிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் சோறு வருவதும் அதேதான்.

எனக்கே கடவுள் நம்பிக்கை கிடையாது. நான் போகலாமா?

போகலாம். எங்கள் குழுவில் நன்றாகக் கேட்கத் தெரிந்தவர் ஒரு கறுப்புச் சட்டைக்காரர்தான். நோயாளி கேட்டால் தேவாரமும் வாசிப்பார், விவிலியத்துச் சங்கீதமும் வாசிப்பார். குரல் நன்றாக இருக்கும்.

பதினாறாம் நாள் முடிந்த பிறகு?

அப்போதுதான் போக வேண்டும். பந்தல் பிரித்து, உறவுக்காரர்கள் பஸ் ஏறி, பாத்திரக்கடைக்காரர் அண்டாவை எண்ணி எடுத்துக்கொண்டு போன பிறகு அந்த வீட்டில் விழுகிற அமைதி இருக்கிறதே, அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. நான் டைரியில் நாற்பதாம் நாள், மூன்றாம் மாதம், இறந்தவர் பிறந்தநாள், முதல் தீபாவளி என்று குறித்து வைத்திருக்கிறேன். துட்டி வீட்டில் ஒரு வருடத்துக்குப் பலகாரம் சுட மாட்டார்கள், அக்கம்பக்கம்தான் கொடுக்க வேண்டும். முறுக்குத் தூக்கை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்பதற்கு எந்தச் சாஸ்திரமும் படித்திருக்கத் தேவையில்லை. ரேஷன் கார்டில் பெயர் நீக்குவது, வாரிசுச் சான்றிதழ், பென்ஷன் மாற்றுவது என்று தாலுகா ஆபீசுக்கு அலைய வேண்டியிருக்கும். கூடப் போங்கள். வரிசையில் நிற்கும்போது அவர்கள் பேசுகிற பேச்சு, வீட்டில் எத்தனை தடவை உட்கார்ந்தாலும் வராது.

கிளம்பும்போது என்ன சொல்ல வேண்டும்?

துட்டி வீட்டில் 'போயிட்டு வரேன்' சொல்லக்கூடாது, எழுந்து சொல்லாமல்தான் போக வேண்டும். முதல் சில நாள் நானும் அப்படித்தான் வருவேன். ஆனால் மறுபடி வருவேனா மாட்டேனா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமே. ஆகையால் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பேரனிடமோ பக்கத்து வீட்டுப் பெண்ணிடமோ, 'வர்ற வியாழக்கிழமை நாலு மணிக்கு' என்று சொல்லிவிட்டு வண்டியை எடுப்பேன். அது உள்ளே போய்ச் சேர்ந்துவிடும்.